சிகாகோ மியூசியங்கள்: ஒரே நாளில் மூன்றா?

கேள்வி – 2 மே 2025

ஜூன் கடைசியில் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள். நாங்கள் நேப்பர்வில்லில் இருக்கிறோம். அரோரா பாலாஜி கோயில், லெமான்ட் ராமர் கோயில், ஏரிக்கரை, படகுச் சவாரி எல்லாம் பட்டியலில் ஏறிவிட்டன. மியூசியத்துக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். முக்கியமானவை பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன, ஒரே நாளில் மூன்றைப் பார்த்துவிடலாம் என்கிறார் கணவர். மகனுக்கு ஒன்பது வயது, அப்பாவுக்கு முழங்கால் வலி. எந்த மூன்று?

3 மே 2025

ஒரே நாளில் மூன்று வேண்டாம், சகோதரி. உங்கள் கணவர் சொல்வது வரைபடத்தில் சரிதான். ஃபீல்ட் இயற்கை வரலாற்று மியூசியம், ஷெட் மீன் காட்சியகம், ஆட்லர் கோளரங்கம் மூன்றும் ஏரிக்கரையில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஆனால் ஃபீல்ட் ஒன்றையே ஒரு நாளில் சுற்றி முடிக்க முடியாது. முழங்கால் வலி உள்ளவர் மூன்றாவது கட்டடத்துக்குள் நுழையும்போது அவருக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றாகிவிடும்.

ஊரிலிருந்து வருகிறவர்களைப் பல வருடங்களாக அழைத்துப் போகிறேன். ஒரு நாளைக்கு ஒரு மியூசியம், அதிலும் ஏழெட்டுப் பொருள்கள். மற்றவற்றைக் கடந்து போகும்போது கண்ணில் பட்டால் போதும். கோயில் பயணத்தில் முக்கியமான இரண்டு சன்னிதிகளில் நின்று கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தில் சும்மா நடப்போமே, அந்த வேகம்தான் சரி.

பெற்றோருக்கு ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்ற கலை மியூசியம். மகனுக்கு ஃபீல்ட். இரண்டு வெவ்வேறு நாள்கள். இன்னொரு கோயிலைக் குறைத்தாவது இரண்டாவது நாளைக் கண்டுபிடியுங்கள்.

3 மே, இரவு

எழுதாமல் விட்டது: ஆர்ட் இன்ஸ்டிட்யூட் செவ்வாய், புதன் இரண்டு நாளும் மூடியிருக்கும். வியாழக்கிழமை மாலை கூடுதல் நேரம் திறந்திருக்கும். விடுமுறை நாள்களில் நேரம் மாறும், கிளம்புமுன் அவர்கள் தளத்தைப் பாருங்கள். மிச்சிகன் அவென்யூ வாசலில் சிங்கங்களுக்கு நடுவே படிக்கட்டு ஏற வேண்டும். அப்பாவை மன்ரோ தெருப் பக்கமுள்ள புதிய கட்டட வாசல் வழியாக அழைத்துப் போங்கள், படி கிடையாது. சக்கர நாற்காலி உள்ளேயே இலவசமாகத் தருகிறார்கள். வேண்டாம் என்பார். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து அவரே உட்காருவார்.

5 மே 2025

"எல்லா மியூசியமும் ஒன்றுதானே, பணக்காரர்கள் வாங்கிக் குவித்த பொருள்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு போனால் சிகாகோ நன்றாகவே விளங்கும்.

ஏரிக்கரைப் பெயர்களைப் பாருங்கள். மார்ஷல் ஃபீல்ட் பெரிய பல்பொருள் அங்காடியின் முதலாளி. 1893இல் பத்து லட்சம் டாலர் கொடுத்தார், மியூசியத்துக்கு அவர் பெயர் வந்தது. மீன் காட்சியகத்துக்குப் பணம் கொடுத்த ஜான் ஷெட், அதே கடையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து பிறகு அதன் தலைவரானவர். கோளரங்கத்தின் மேக்ஸ் ஆட்லர், தபால் வழியே பொருள் விற்ற சியர்ஸ் நிறுவனத்தின் துணைத் தலைவர். தெற்கே உள்ள அறிவியல் தொழில் மியூசியத்துக்கு வித்திட்டவர் அதே சியர்ஸின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். ஆட்லர் இவருடைய மைத்துனர். ஆக நான்கு பெரிய மியூசியங்கள் இரண்டு கடைகளின் வருமானத்திலிருந்து எழுந்தவை. தபாலில் சட்டையும் தையல் இயந்திரமும் வாங்கிய கிராமத்து விவசாயிகளின் காசு அந்தத் தூண்களில் இருக்கிறது.

ரோசன்வால்ட் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1911இல் மகனோடு ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு தொழில்நுட்ப மியூசியத்தைப் பார்த்தார். பொத்தானை அழுத்தினால் இயந்திரம் ஓடும், குழந்தைகள் தொட்டுப் பார்க்கலாம். இப்படி ஒன்று சிகாகோவுக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பெருந்தொகை கொடுத்தார். முதலில் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். தன் பெயர் வேண்டாம் என்று அவரே எடுக்கச் சொன்னார். மியூசியம் 1933இல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. தென் மாநிலங்களில் கருப்பினக் குழந்தைகளுக்காக அவர் உதவியோடு எழுந்த பள்ளிகள் ஏறக்குறைய 5,000. அந்த மியூசியத்துக்கு 12.5 கோடி டாலர் கொடுத்த கென் கிரிஃபினின் பெயர் 2024 முதல் அதன் பெயருக்கு முன்னால் சேர்ந்திருக்கிறது. கொடுத்தவர் பெயரை வைப்பதில் தவறு இல்லை. ஆனால் மகனை அங்கே அழைத்துப் போகும்போது பெயர் வேண்டாம் என்று சொன்ன மனிதரைப் பற்றியும் சொல்லுங்கள்.

இன்னொரு பாதி: பணக்காரர் யாருமில்லாமல் ஆசிரியர்களும் அண்டை வீட்டாரும் சேர்ந்து தொடங்கிய மியூசியங்களும் இந்த ஊரில் உண்டு. அவற்றைப் பிறகு எழுதுகிறேன். என் மனம் அங்கேதான் இருக்கிறது.

8 மே 2025

ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். ஊரறிந்த ஓவியங்கள் நான்கு: கிராண்ட் ஜாட் தீவில் ஞாயிற்றுக்கிழமை, மழை நாளில் பாரிஸ் தெரு, கவைக்கோலோடு நிற்கும் அயோவா விவசாயியும் பெண்ணும், இரவு உணவகத்தில் நான்கு பேர். இவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை, கூட்டமே காட்டிக்கொடுக்கும்.

நான் முதலில் அழைத்துப் போவது நாகப்பட்டினத்துப் புத்தரிடம்.

தரைத்தளத்தில் மிச்சிகன் அவென்யூ கட்டடத்தையும் பின்னால் உள்ள கட்டடங்களையும் இணைக்கும் நீளமான கூடம், ரயில் தண்டவாளங்களுக்கு மேலே பாலம்போலக் கட்டியது. தெற்காசியச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. ஏறக்குறைய ஐந்தேகால் அடி உயரக் கருங்கல் புத்தர், தியானத்தில் அமர்ந்த கோலம், 12ஆம் நூற்றாண்டு, சோழர் காலம். முதலில் எட்ட நின்று முழு உருவத்தைப் பாருங்கள். பிறகு பக்கத்தில் போய்த் தலையைப் பாருங்கள். சுருள் சுருளான முடிக்கு மேலே தீச்சுடர் ஒன்று எழுந்து நிற்கும். நாகைப் புத்தர்களின் அடையாளம் அது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகைச் செப்புப் படிமங்களைப் பார்த்தவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். காது மடல் நீண்டு தோளை நெருங்குகிறது. மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கைகளில் கருங்கல் என்ற நினைப்பே வராத மென்மை. நம் ஊர்ச் சிவன் கோயில் தட்சிணாமூர்த்தியைச் செதுக்கிய அதே கைப்பழக்கம்.

பெற்றோரிடம் சொல்ல வேண்டிய கதை: சோழர் காலத்தில் நாகப்பட்டினம் கீழைக்கடல் முழுவதும் பெயர் பெற்ற துறைமுகம். சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்து அரசர் இராசராசன் காலத்தில் அங்கே சூடாமணி விகாரத்தைக் கட்டுவித்தார். சைவரான இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்தப் பௌத்த விகாரத்துக்கு எழுதிக்கொடுத்தார். லெய்டன் செப்பேடுகள் என்று நாம் சொல்வது அந்த ஆவணத்தைத்தான். நாகையில் எஞ்சி நின்ற கோபுரம் ஒன்றை 1867இல் இடித்துவிட்டார்கள். 1856 முதல் அந்த வட்டாரத்தில் தோண்டத் தோண்டக் கிடைத்த புத்தர் படிமங்கள் சுமார் 350.

நாகையில் போய் நின்றால் இத்தனை பெரிய புத்தர் கண்ணில் படமாட்டார். சிகாகோவில் படுகிறார். அதில் எனக்கு மகிழ்ச்சியும் இருக்கிறது, வயிற்றெரிச்சலும் இருக்கிறது.

8 மே, சற்றுப் பின்

அந்தப் பகுதியிலேயே சோழர் கால நடராசர் ஒருவரும் இருக்கிறார், செம்பு, இரண்டேகால் அடி உயரம். அம்மா கையெடுத்துக் கும்பிடுவார்கள். கும்பிடட்டும். காவலர் யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை.

9 மே 2025

"அப்படியானால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இந்த மியூசியத்துக்கு அது புதிதும் இல்லை. தாய்லாந்தின் பனோம் ரூங் கோயிலிலிருந்து போன ஒரு கல் உத்தரத்தை 1988இல் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்காகத் தாய்லாந்தில் மக்கள் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். அதே கோயிலின் இன்னொரு சிற்பத் துண்டு 2024இல் திரும்பியது. இந்த ஆண்டு மார்ச்சில் நேபாளத்துக்கு 12ஆம் நூற்றாண்டுப் புத்தர் ஒருவர். நாகம் குடைபிடிக்கும் கோலம், காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து திருடு போனது.

பார்வையாளர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அவர்கள் தளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம் உண்டு. அதன் கீழ்ப்பகுதியில் அந்தப் பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற வரிசை இருக்கும். கைப்பேசியில் அதைத் திறந்து சிலைக்கு முன்னாலேயே படியுங்கள். வரிசை எந்த ஆண்டில் தொடங்குகிறது, அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். நான் எந்தச் சிலையின் முன் நின்றாலும் இதைச் செய்யாமல் நகர்வதில்லை. கலையை ரசிப்பதற்கு அது குறுக்கே வரவில்லை. கல்லைப் பார்ப்பதோடு அதன் பயணத்தையும் பார்க்கிறோம்.

11 மே 2025

விவேகானந்தர் பேசிய மண்டபத்தை உள்ளே காட்டுவார்கள் என்று ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. கட்டடம் அதுதான். 1893 செப்டம்பர் 11 அன்று சர்வ சமயப் பேரவை தொடங்கிய இடம் இன்றைய ஆர்ட் இன்ஸ்டிட்யூட். ஆனால் அவர் பேசிய கொலம்பஸ் மண்டபம் தற்காலிகமாக அமைத்தது, பேரவை முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பகுதியில் 1898இல் எழுந்த ஃபுல்லர்டன் அரங்கம்தான் இப்போது இருக்கிறது. வெளியே மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள், பலகையைப் பார்க்கலாம்.

உங்கள் அப்பா மதுரைக்காரர் என்பதால் இதையும் சொல்லுங்கள். அந்தப் பயணத்துக்குத் திருவல்லிக்கேணிப் பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி தூண்டுகோலாக இருந்தார். சிகாகோ மேடைக்குப் போன வழி சென்னையிலும் சேதுச் சீமையிலும்தான் போடப்பட்டது.

12 மே 2025

ஃபீல்ட். மகன் சூ என்ற டி ரெக்ஸுக்காகத் துள்ளுவான். 1990இல் தெற்கு டகோட்டாவில் சூ ஹென்ட்ரிக்சன் என்ற பெண் கண்டெடுத்ததால் அந்தப் பெயர். டைனோசர் ஆணா பெண்ணா என்பது தெரியாது, "பெண் டைனோசர்" என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். எலும்புகளில் 90 சதவீதம் கிடைத்திருக்கின்றன. உண்மையான மண்டையோடு உடம்பில் பொருத்த முடியாத அளவு கனம், தனியாக ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. உடம்பின் மேல் இருப்பது வார்ப்பு. பலர் உடம்பின் முன் படம் எடுத்துக்கொண்டு பெட்டியைப் பார்க்காமலேயே போய்விடுகிறார்கள்.

சூ யாருடையது என்று பெரிய வழக்கே நடந்தது. எலும்பு கிடைத்த நிலம் பூர்வகுடி ஒருவருடையது, அரசின் பொறுப்பில் இருந்தது. 1992இல் எஃப்பிஐ வந்து எலும்புகளை எடுத்துச் சென்றது. கடைசியில் நில உரிமையாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பாகி, 1997இல் ஏலத்தில் சுமார் 83 லட்சம் டாலருக்கு ஃபீல்ட் வாங்கியது. ஒன்பது வயதுப் பையனுக்கு இந்தக் கதை டைனோசரைவிடப் பிடிக்கும். என் அண்ணன் மகன் வீடு திரும்பும் வழியெல்லாம் இதைப் பற்றியே கேள்வி கேட்டான்.

இப்போது சாவோ சிங்கங்கள். இதை விடவே கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் பிடரி இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள். 1898இல் இன்றைய கென்யாவில் சாவோ ஆற்றின் மேல் ரயில் பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது மாதக்கணக்கில் கூடாரங்களிலிருந்து தொழிலாளர்களை இழுத்துச் சென்றவை. பொறியாளர் பேட்டர்சன் சுட்டுக் கொன்றார். பிறகு பல வருடம் தோல் அவர் வீட்டில் தரை விரிப்பாகக் கிடந்தது. 1920களில் 5,000 டாலருக்கு இந்த மியூசியத்துக்கு விற்றார். விரிப்புத் தோலைக் கொண்டு உருவம் கொடுத்ததால் சிங்கங்கள் இருந்ததைவிடச் சிறிதாகத் தெரிகின்றன. இறந்தவர்கள் 135 பேர் என்று பேட்டர்சன் ஒரு கட்டத்தில் சொன்னார். சிங்கங்களின் எலும்பிலும் முடியிலும் செய்த வேதியியல் ஆய்வு 2009இல் 35 பேர் என்ற அளவுக்கு வந்து நிற்கிறது.

அந்தத் தொழிலாளர்கள் பலர் இந்தியர்கள். அந்த ரயில் பாதைக்காகப் பிரிட்டிஷ் ஆட்சி ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனவர்கள் ஏறக்குறைய 32,000 பேர், பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து. சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். நோயும் விபத்தும் கொன்றவர்கள்தான் அதிகம், சிங்கம் கொன்றவர்கள் அதில் ஒரு சிறு பகுதி. சுட்டவரின் பெயர் உலகத்துக்கே தெரியும். கூடாரத்தில் படுத்திருந்தவர்களின் பெயர்கள்? அந்தக் கண்ணாடியின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

13 மே 2025

ஃபீல்ட் பற்றி இன்னும் ஒன்று. அமெரிக்கப் பூர்வகுடிகள் பற்றிய பழைய கூடத்தைக் கலைத்துவிட்டு அந்தச் சமூகத்தவரோடு சேர்ந்து புதிதாக ஒன்றை 2022இல் திறந்திருக்கிறார்கள். 2024 தொடக்கத்தில் புதிய மத்திய அரசு விதி வந்ததும், பூர்வகுடிகளின் சம்மதம் பெறாத பொருள்கள் இருந்த சில கண்ணாடிப் பெட்டிகளை மூடிவைத்தார்கள். மூடிய பெட்டியைப் பார்த்தால் காசு வீணென்று நினைக்க வேண்டாம். நாகைப் புத்தரைப் பற்றி நாம் இங்கே பேசிக்கொண்டிருப்பதே அங்கேயும் பேசப்படுகிறது.

20 மே 2025

ஷெட் பற்றி நான் எதுவும் சொல்லாததைப் பார்த்துவிட்டு ஓர் அம்மா வருந்தி எழுதியிருக்கிறார், தன் குழந்தைக்கு இந்த ஊரிலேயே பிடித்த இடம் அதுதான் என்று. எனக்கு அங்கே கூட்டமும் டிக்கெட் விலையும் ஒத்துவருவதில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அங்கே ஒரு நல்ல கதை இருக்கிறது. 1930இல் திறந்தபோது கடலே இல்லாத இந்த ஊருக்கு ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டிலிருந்து ரயிலில் கடல் நீர் கொண்டுவந்தார்கள், பத்து லட்சம் காலன். 1933இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நுரையீரல் மீன் ஒன்று 2017 வரை அங்கே வாழ்ந்தது. தாத்தா என்று பெயர். பேரனாக வந்து பார்த்தவர்கள் தாத்தாவாகி மறுபடியும் வந்து அதே மீனைப் பார்த்திருக்கிறார்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் ஷெட் போங்கள். ஒன்பது வயதுக்கு ஃபீல்ட்தான்.

20 மே, இரவு

ஆட்லர்: உள்ளே போகாவிட்டாலும் அதன் வாசல் வரை நடங்கள். நகரத்தின் முழு வானவிளிம்பும் ஏரிக்கு அப்பால் தெரியும் இடம் அதுதான். மாலை வெயில் நகரத்துக்குப் பின்னால் விழும் நேரம் நல்லது.

27 மே 2025

அறிவியல் தொழில் மியூசியத்தில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல் உண்மையானதா, மாதிரியா என்று கேட்டிருக்கிறார்கள். உண்மையானது. யு-505, ஜெர்மானியக் கடற்படையுடையது, 252 அடி நீளம். 1944 ஜூன் 4 அன்று மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படை கைப்பற்றியது. மாலுமிகள் கப்பலை மூழ்கடிக்க வால்வைத் திறந்துவிட்டுக் குதித்துவிட்டார்கள். மூழ்கிக்கொண்டிருந்த கப்பலுக்குள் இறங்கி அதை மூடினார்கள் அமெரிக்க வீரர்கள். உள்ளே எனிக்மா என்ற சங்கேத இயந்திரங்களும் சங்கேதப் புத்தகங்களும் இருந்தன. பிடிபட்டது ஜெர்மனிக்குத் தெரிந்தால் சங்கேதத்தை மாற்றிவிடுவார்கள் என்பதால், கைதிகளை லூசியானாவில் ஒரு முகாமில் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தார்கள். கப்பலைப் பிடித்த படையின் தலைவர் டேனியல் காலரி சிகாகோக்காரர், அதனால் 1954இல் அது இங்கே வந்தது. ஏரிக்கரைச் சாலையைக் குறுக்கே கடந்து இழுத்து வந்தார்கள். ஐம்பது வருடம் வெயிலிலும் பனியிலும் நின்று துருப்பிடித்ததால் இப்போது தரைக்குக் கீழே தனிக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள்.

சுற்றி வந்து பார்க்கப் பொதுவான டிக்கெட் போதும். உள்ளே போகத் தனி டிக்கெட். அப்பா உள்ளே போக வேண்டாம். குனிந்து வட்டக் கதவுக்குள் காலைத் தூக்கி வைத்து நுழைய வேண்டும். மகனை அனுப்புங்கள். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் அதே படுக்கையில் படுத்துக்கொள்ளும் அந்தக் குறுகிய இடத்தில், டீசல் வாடைக்கு நடுவே மாதக்கணக்கில் இருந்தவர்களில் பலர் இருபது வயதைச் சுற்றியவர்கள் என்று சொல்லி அனுப்புங்கள். போர் விளையாட்டு ஆடும் பிள்ளைகள் அங்கிருந்து வெளியே வரும்போது கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள்.

4 ஜூன் 2025

டிக்கெட் பற்றிச் சுருக்கமாக. பல இடங்களைச் சேர்த்து விற்கும் சிட்டிபாஸ் ஒரே வாரத்தில் நான்கைந்து இடம் ஓடுகிறவர்களுக்கு இலாபம், உங்களுக்கு இல்லை. இல்லினாய் மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குப் பெரிய மியூசியங்கள் ஆண்டில் சில நாள்களை இலவசமாக விடுகின்றன. முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும், விருந்தினருக்குப் பொருந்தாது. உங்கள் ஊர் நூலகத்தில் மியூசியத் தள்ளுபடிச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பல புறநகர் நூலகங்களில் உண்டு, நம்மவர்கள் யாரும் கேட்பதே இல்லை. ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது.

காரில் வந்தால் நிறுத்துமிடத்துக்கே ஒரு டிக்கெட் விலை போய்விடும். நேப்பர்வில்லிலிருந்து மெட்ரா ரயிலில் யூனியன் நிலையம், அங்கிருந்து டாக்சி. ரயிலின் மாடித்தளத்தில் மகனை உட்காரவையுங்கள்.

18 ஜூன் 2025

சால்வை. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிரும். அம்மாவுக்கு ஒன்று எடுத்துவையுங்கள். அவ்வளவுதான்.

2 ஜூலை 2025

போய் வந்து எழுதியதற்கு நன்றி, சகோதரி. அம்மாவுக்கு ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கீழ்த்தளத்து மினியேச்சர் அறைகள்தான் எல்லாவற்றிலும் பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் சொல்லியிருக்கவே இல்லை, நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டீர்கள். நார்சிஸா தோர்ன் என்ற பெண்மணி 1930களில் கைவினைஞர்களை வைத்துச் செய்வித்த 68 அறைகள். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு. நாற்காலி, திரைச்சீலை, மேசைமேல் மூக்குக்கண்ணாடி, சன்னலுக்கு வெளியே தோட்டம் வரை எல்லாம் அந்த அளவில். நவராத்திரிக் கொலு வைத்துப் பழகிய கண்ணுக்கு அதில் எத்தனை உழைப்பு என்று உடனே புரியும். உங்கள் அம்மா ஒவ்வொரு அறையின் முன்னும் நின்றதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கிராண்ட் ஜாட் ஓவியத்தை அப்பா பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு "வெறும் புள்ளி" என்றாராம். சரியாகத்தான் சொன்னார். ஓவியர் சூரா 1884இல் தொடங்கி இரண்டு வருடம் வரைந்தார், 31 வயதில் இறந்துவிட்டார். அடுத்த முறை ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டத்துக்கு உள்ளே சுற்றிலும் ஒரு வண்ணக்கரை ஓடும், அதுவும் புள்ளிகள்தான். உள்ளே புல் இருக்கும் இடத்தில் ஒரு நிறம், நீர் இருக்கும் இடத்தில் வேறு நிறம். 1958இல் இந்த ஓவியத்தை நியூயார்க்குக்கு இரவல் கொடுத்திருந்தபோது அங்கே மியூசியத்தில் தீப்பிடித்தது. ஓவியம் தப்பியது. அதன் பிறகு எங்கும் அனுப்பியதில்லை. பார்க்க வேண்டுமானால் சிகாகோவுக்குத்தான் வர வேண்டும்.

15 ஜூலை 2025

பெற்றோர் ஆகஸ்ட் வரை இருக்கிறார்கள், இன்னொரு நாள் கிடைத்திருக்கிறது என்கிறீர்கள். மே மாதம் சொல்லி வைத்ததை இப்போது எழுதுகிறேன்.

பில்சன் பகுதியில் தேசிய மெக்சிகன் கலை மியூசியம். 1982இல் கார்லோஸ் டோர்ட்டோலேரோ என்ற ஆசிரியரும் அவரோடு வேலைபார்த்த ஆசிரியர்களும் 900 டாலரை வைத்துத் தொடங்கியது. 1987இல் பூங்காவுக்குள் இருந்த கட்டடத்தில் திறந்தார்கள். அன்று முதல் இன்று வரை நுழைவுக் கட்டணம் கிடையாது. பிங்க் லைன் ரயிலில் 18ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் படிக்கட்டெல்லாம் சுவரோவியம். இலையுதிர் காலத்தில் இறந்தோர் நாளுக்காக அவர்கள் வைக்கும் படையல்களை நம் பெரியவர்களுக்குக் காட்ட வேண்டும். சாமந்திப் பூ, இறந்தவரின் படம், அவருக்குப் பிடித்த தின்பண்டம். விளக்கமே தேவைப்படாது. உங்கள் பெற்றோர் அதற்குள் கிளம்பிவிடுவார்கள் என்பதுதான் குறை.

டூசாபிள் மியூசியம், வாஷிங்டன் பூங்காவில். மார்கரெட் பரோஸ் என்ற ஓவிய ஆசிரியை 1961இல் கணவரோடும் நண்பர்களோடும் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் தொடங்கினார். கருப்பின மக்களின் வரலாற்றைப் பெரிய மியூசியங்கள் சேர்த்துவைக்காத காலம். அக்கம்பக்கத்தார் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த கடிதங்கள், படங்கள்தான் முதல் சேகரிப்பு. அந்த வீடு அதற்கு முன் கருப்பின ரயில் தொழிலாளர்கள் தங்கும் விடுதியாக இருந்தது. சிகாகோவில் முதலில் குடியேறி வணிகம் செய்த டூசாபிள் ஒரு கருப்பினத்தவர். ஏரிக்கரைச் சாலைக்கு அவர் பெயர் 2021இல்தான் வந்தது. மியூசியத்துக்கு 1968லேயே வைத்துவிட்டார்கள்.

16 ஜூலை 2025

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எது என்று கேட்கிறீர்கள். ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர் அப்பா என்று போன பதிவில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இரண்டும் வேண்டாம், புல்மேன் போங்கள்.

படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகள் செய்த ஜார்ஜ் புல்மேன் 1880களில் தொழிலாளர்களுக்காக ஓர் ஊரையே கட்டினார். வீடு, கடை, நூலகம், தேவாலயம் எல்லாம் கம்பெனியுடையவை. 1893இல் வியாபாரம் சரிந்தபோது கூலியை வெட்டினார், வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. கூலி கொடுத்த கையே வாடகையைப் பிடித்துக்கொண்டது. 1894 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்து நாட்டின் பெரும்பகுதியில் ரயில்கள் நின்றன. ராணுவம் வந்தது, ஆட்கள் இறந்தார்கள். தொழிலாளர் தினத்தை அமெரிக்க அரசு விடுமுறையாக அறிவித்தது அந்தக் கொந்தளிப்புக்கு நடுவில்தான்.

அதே கம்பெனியின் பெட்டிகளில் படுக்கை விரித்து, செருப்புத் துடைத்து, பெட்டி தூக்கிய கருப்பின ஊழியர்கள் 1925இல் சங்கம் அமைத்தார்கள். தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப். ஒப்பந்தம் கையெழுத்தாகப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. அவர்களுக்கென்று அங்கே தனி மியூசியம் இருக்கிறது, சிறியது. கடிகாரக் கோபுரக் கட்டடம் தேசியப் பூங்காத் துறையின் பார்வையாளர் மையம், நுழைவு இலவசம். சிவப்புச் செங்கல் வரிசை வீடுகளில் இன்றும் குடித்தனங்கள் இருக்கின்றன. ஃபோர்மேன் வீடு எது, சாதாரணத் தொழிலாளி வீடு எது என்று அளவை வைத்தே சொல்லிவிடலாம். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மில்லெனியம் நிலையத்திலிருந்து மெட்ரா எலக்ட்ரிக் ரயில், 111ஆம் தெருவில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, அட்டவணையைப் பார்த்து ஏறுங்கள். திங்கள், செவ்வாய் வேண்டாம், வார இறுதியில் போங்கள். வீடுகளுக்கு நடுவே நடக்க வேண்டியிருக்கும். அப்பாவின் கைத்தடியை மறக்காதீர்கள்.